தேசிய கீதத்துக்கு ஸ்வரம் எழுதி வைத்த பாட்டு டீச்சர்

பெங்களூரில் பள்ளிக்கூடங்களின் பாண்டு வாத்திய விழாவும் சேர்ந்திசைப் போட்டியும் நடந்தால் கோப்பை குழந்தைகளின் கைக்குப் போகிறது. புகைப்படத்தில் தலைமையாசிரியர் நடுவில் உட்காருகிறார். ஒலிபெருக்கியில் பள்ளியின் பெயர் முழங்குகிறது. பள்ளி விட்ட பிறகும் குழந்தைகளைப் பிடித்து வைத்து, ஆளுக்கொரு சுருதியில் கத்திக்கொண்டிருந்த தொண்டைகளை ஒரே சுருதிக்குக் கொண்டு வந்த பாட்டு டீச்சர் மட்டும் மேடை ஓரத்துத் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். இப்படிப்பட்ட ஆசிரியர்களையும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தும் வழக்கம் இப்போது சில விழாக்களில் வந்திருக்கிறது. நல்ல வழக்கம். இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டிய வழக்கம்.

விழா எதுவானாலும் முடிவில் அரங்கம் முழுவதும் எழுந்து நிற்கிறது. 52 விநாடிகளுக்கு ஒரே பாட்டு. தேசிய கீதத்தை இயற்றியவர் ரவீந்திரநாத் தாகூர் என்பது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். அவர் பாடிய மெட்டைக் காதால் கேட்டு மேல்நாட்டு ஸ்வரக் குறிப்பில் எழுதி வைத்தவரும் ஒரு பாட்டு டீச்சர்தான் என்பதோ, அது நடந்த இடம் பெங்களூரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதனப்பள்ளி என்பதோ பலருக்குத் தெரியாது. அந்த அம்மையாரின் பெயர் மார்கரெட் கசின்ஸ். பெண்களுக்கு வாக்குரிமை வாங்கித் தந்தவர்களில் ஒருவர் என்று சரித்திரப் புத்தகங்கள் அவரைக் குறிப்பிடும். அவர் இசைப் பட்டதாரி என்பது அந்த வரியில் அடங்காமல் வெளியே நின்றுவிடும்.

அயர்லாந்துப் பெண்

மார்கரெட் எலிசபெத் கில்லெஸ்பி 1878 நவம்பர் 7-ந் தேதி அயர்லாந்து நாட்டின் பாயில் என்ற சிறு நகரத்தில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். அதில் மார்கரெட்தான் தலைச்சன். தலைச்சன் பெண்ணின் பாடு எந்தத் தேசத்திலும் ஒன்றுதான். தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்த நேரம் போக மிச்சம் இருப்பதுதான் அவளுடைய நேரம். அந்த நேரத்தில் பியானோ கற்றுக்கொண்டார். டெர்ரி நகரத்துப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் உபகாரச் சம்பளம் பெற்றுப் படித்தார். பிறகு டப்ளினில் இருந்த ராயல் ஐரிஷ் இசை அகாடமியில் சேர்ந்தார். 1902-ல் ராயல் பல்கலைக் கழகத்தின் இசைப் பட்டம் கைக்கு வந்தது. பெண்கள் பட்டம் பெறுவதே பேசப்படும் செய்தியாக இருந்த காலம் அது.

அடுத்த ஆண்டு ஜேம்ஸ் கசின்ஸ் என்ற கவிஞரை மணந்தார். பெயர்தான் கவிஞர், வயிற்றுப் பிழைப்புக்குப் பள்ளி உத்தியோகம். கணவர் பள்ளியில் பாடம் நடத்த, மனைவி சங்கீதம் சொல்லிக் கொடுத்துக் குடும்ப வண்டியை ஓட்டினார்கள். இருவரும் மாமிசம் உண்பதை விட்டுவிட்டார்கள். 1904-ல் ஜேம்ஸ் ஜாய்ஸ் என்ற இளைஞர் இவர்கள் வீட்டில் இரண்டொரு நாள் தங்கினார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் அவரேதான். அவருக்கு அந்தக் காய்கறிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. இடத்தைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

பியானோ வாசித்த அதே கை கல்லையும் எடுத்தது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற கிளர்ச்சி அப்போது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மும்முரமாக இருந்தது. 1908-ல் டப்ளினில் ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியபோது அதை நிறுவியவர்களில் மார்கரெட்டும் ஒருவர். 1910-ல் லண்டனுக்குப் போய் ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டு, ஜன்னல் கண்ணாடியை உடைத்த குற்றத்துக்காக ஹாலோவே சிறையில் ஒரு மாதம் இருந்தார். 1913-ல் டப்ளின் கோட்டையின் ஜன்னல்கள். மறுபடி ஒரு மாதம், இந்தத் தடவை டல்லமோர் சிறை. அங்கே தங்களைச் சாதாரணக் குற்றவாளிகளாக நடத்தக் கூடாது, அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்று தோழியருடன் உண்ணாவிரதம் இருந்தார். அதிகாரிகள் இறங்கி வந்தார்கள்.

சென்னைக்கு வந்த தம்பதி

பிரம்மஞான சபையில் இருவருக்கும் ஈடுபாடு உண்டு. அந்தத் தொடர்பில்தான் 1915-ல் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார்கள். சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் நடத்திய நியூ இந்தியா பத்திரிகையில் ஜேம்ஸ் கசின்ஸுக்கு வேலை. அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1916-ல் டப்ளினில் ஈஸ்டர் வாரத்தில் ஆங்கில ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய எழுச்சியைப் புகழ்ந்து அவர் எழுதிவிட்டார். யுத்த காலம்; சர்க்கார் சும்மா விடுமா? பெசன்ட் அம்மையார் அவரைப் பத்திரிகையிலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. ஆனால் கைவிட்டுவிடவில்லை. 1915-ல் மதனப்பள்ளியில் தாம் தொடங்கியிருந்த கல்லூரிக்கு அவரை அனுப்பி வைத்தார். மனைவியும் உடன் போய் அங்கே ஆங்கிலம் கற்பித்தார்.

மதனப்பள்ளி அன்று சென்னை மாகாணத்தின் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. இன்று ஆந்திரப் பிரதேசத்தில். நம்மவர்களுக்குத் தக்காளி லாரிகள் மூலம் நன்றாகத் தெரிந்த ஊர். மலை சூழ்ந்த, வெயில் அவ்வளவாகக் கடுமை காட்டாத இடம். அந்தக் கல்லூரியில் கசின்ஸ் தம்பதி புதன்கிழமை இரவுகளில் சாப்பாட்டுக்குப் பிறகு மாணவர்களையும் ஆசிரியர்களையும் கூட்டி வைத்துப் பாட்டு நடத்தி வந்தார்கள். பாட்டுத் தெரிந்தவர் பாடலாம். தெரியாதவர் பல்லவியில் சேர்ந்துகொள்ளலாம். பரீட்சைக்கும் மார்க்குக்கும் சம்பந்தமில்லாத வேலை. பாட்டு டீச்சராக இருந்தவருக்கு எந்த ஊருக்குப் போனாலும் பத்துப் பேரைச் சேர்த்துப் பாட வைக்காமல் இருக்க முடியாது போலும்!

அந்தப் புதன்கிழமை

1919 தொடக்கத்தில் தாகூர் தெற்கே சுற்றுப்பயணம் வந்தார். ஜனவரியில் பெங்களூரில் நடந்த கலை விழாவில் கலந்துகொண்டார். மைசூர் போனார். பிறகு தமிழ்நாட்டு ஊர்கள். போகிற இடமெல்லாம் வரவேற்பும் சொற்பொழிவும். அலுத்துப் போய், பிப்ரவரி மாதக் கடைசியில் ஓய்வுக்காக மதனப்பள்ளிக்கு வந்து சேர்ந்தார். கல்லூரி முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸின் விருந்தினராகச் சில நாட்கள் தங்கினார். நோபல் பரிசு பெற்று ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன. ஜாலியன்வாலா பாக் படுகொலைக்காகப் பிரிட்டிஷார் கொடுத்த ஸர் பட்டத்தை அவர் துறப்பதற்கு இன்னும் மூன்று மாதங்கள் இருந்தன.

புதன்கிழமை இரவு வழக்கம்போல் பாட்டுக்கூட்டம் நடந்தது. தாகூரும் வந்து உட்கார்ந்தார். தாமும் ஒரு பாட்டுப் பாடுவதாகச் சொன்னார். பாடியது ஜன கண மன. அந்தப் பாட்டு 1911 டிசம்பர் 27-ந் தேதி கல்கத்தா காங்கிரஸில் முதன்முதலாகப் பாடப்பட்டது. ஆயினும் வங்காளத்துக்கு வெளியே அன்றைக்கு அதை அறிந்தவர்கள் குறைவு. கூடியிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வங்காளி புரியாது. இருந்தாலும் முதல் சரணம் முடிவதற்குள் பாட்டின் போக்கு பிடிபட்டுவிட்டது. அடுத்தடுத்த சரணங்களில் முத்தாய்ப்பாக வரும் ஜய கோஷத்தை எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். அர்த்தம் தெரியாத மொழியில், ஒரே இரவில், பயிற்சியே இல்லாத ஒரு கூட்டம் சேர்ந்து பாட முடிகிற பாட்டு என்பது அங்கே தெரிந்து போயிற்று. பள்ளியில் சேர்ந்திசை சொல்லிக் கொடுக்கிறவர்கள் இதன் மதிப்பை அறிவார்கள்.

ஜேம்ஸ் கசின்ஸ் கவிஞர். அவர் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் கேட்டுக்கொள்ள, தாகூர் அங்கேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தம் கையால் எழுதிக் கொடுத்தார். அதில் அவர் இட்ட தேதி 1919 பிப்ரவரி 28. மார்கரெட் அம்மையார் மெட்டைப் பிடித்துக்கொண்டார். தாகூர் பாடக் கேட்டு, அந்த மெட்டை ஐந்து கோடுகள் போட்ட காகிதத்தில் ஸ்வரம் ஸ்வரமாக இறக்கினார்.

சொல்வதற்குச் சுலபம். குருவின் எதிரே உட்கார்ந்து வருஷக்கணக்கில் கேட்டுப் பாடம் செய்வது நம் வழி. ஸ்வரத்தை எழுதினாலும் கமகத்தைக் குருவின் வாயிலிருந்துதான் வாங்க வேண்டும். மேல்நாட்டு வழியில் ஸ்வரம் எந்த உயரத்தில் நிற்கிறது, எத்தனை மாத்திரை நீள்கிறது, எங்கே மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் காகிதத்தில் வந்துவிட வேண்டும். பாடுகிறவர் முதல் சரணத்தில் ஒரு விதமாகவும் மூன்றாவதில் வேறு விதமாகவும் வளைப்பார். அதில் எது பாட்டின் எலும்பு, எது அந்த நேரத்து நகாசு என்று பிரித்துப் பார்க்கக் காது வேண்டும். டப்ளினில் நான்கு வருஷம் பழகிய காது அது.

யாருடைய மெட்டு?

இந்த இடத்தில் ஒரு தவறான செய்தியைத் தள்ளிவிட வேண்டும். தேசிய கீதத்துக்கு மெட்டமைத்தவரே மார்கரெட் கசின்ஸ்தான் என்று சில மேடைகளில் பேசுகிறார்கள். அது சரியல்ல. பாட்டும் தாகூருடையது, மெட்டும் தாகூருடையது. ஏழு வருஷத்துக்கு முன்பே கல்கத்தாவில் பாடப்பட்ட பாட்டுக்கு மதனப்பள்ளியில் மெட்டுப் போட என்ன இருக்கிறது? அம்மையாரே அப்படி உரிமை கொண்டாடியதில்லை. செய்யாததைச் செய்ததாகச் சொல்லிப் புகழ்ந்தால், செய்தது மறந்து போகும். அவர் செய்தது ஒரு நல்ல ஆசிரியை செய்கிற வேலை. ஒருவர் வாயில் இருந்ததைப் பலர் கைக்கும் போகும்படி ஆக்கினார்.

இந்த வேலையில் அவருக்கு முன்னோடிகள் நம்மிடையே உண்டு. 1890-களில் சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் என்ற தமிழர், தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனைகளை மேல்நாட்டு ஸ்வரக் குறிப்பில் அச்சேற்றும் காரியத்தில் கண்ணையும் கைப்பொருளையும் கரைத்தார். அதற்கும் முன்பு, முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். அந்த நொட்டுஸ்வரங்கள் சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்தவை. குழந்தைகளுக்குச் சேர்ந்து பாட உகந்தவை என்று இன்றும் பாட்டு வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஜன கண மன மெட்டும் பெரும்பாலும் அந்த சங்கராபரண ஸ்வரங்களை ஒட்டியே நடக்கிறது. பியானோவின் வெள்ளைக் கட்டைகளிலேயே பெரும்பகுதியை வாசித்துவிடலாம். அது ஒரு தோடியிலோ பைரவியிலோ அமைந்திருந்தால் மார்கரெட் அம்மையாரின் ஐந்து கோடுகளில் அடங்கியிருக்குமா என்பது சந்தேகமே.

நம் சங்கீதத்துக்கும் அவர்கள் சங்கீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் அறியாதவர் அல்லர். 1935-ல் கீழ்நாட்டு, மேல்நாட்டு இசைகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரைத் தொகுதி வெளியிட்டார். இரண்டில் எது உயர்ந்தது என்ற சண்டைக்குப் போகாமல், ஒன்றை ஒன்று புரிந்துகொள்வதற்காக எழுதப்பட்ட புத்தகம். வெள்ளைக்காரர்களில் பலர் நம் பாட்டை மூக்கால் பாடும் ஓலம் என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இசைப் பட்டம் பெற்ற ஒருவர் இப்படி எழுதினார்.

பாட்டிலிருந்து ஓட்டுக்கு

தாகூர் போன பிறகு 1919-20-ல் மார்கரெட் அம்மையார் மங்களூருக்குச் சென்று தேசியப் பெண்கள் பள்ளிக்கூடத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கர்நாடகத்துடன் அவருக்கு நேர்ந்த நேரடித் தொடர்பு இது. மங்களூரில் பிறந்த கமலாதேவி சட்டோபாத்யாயா பின்னாளில் பொது வாழ்வுக்கு வந்ததில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1926-ல் கமலாதேவி சென்னை சட்டசபைத் தேர்தலில் நின்றார். தேர்தலில் நிற்கும் துணிச்சல் எந்தப் பெண்ணுக்கும் வராதிருந்த அந்த நாளில் முன்னால் தள்ளிவிட்டவர் மார்கரெட்தான். சொற்ப ஓட்டில் தோல்வி. ஆனால் கதவு திறந்துவிட்டது.

அந்தக் கதவை அவர் தட்டத் தொடங்கியது 1917-லேயே. அந்த ஆண்டு மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசன்ட் அம்மையார் தலைவி. டோரதி ஜினராஜதாஸாவும் மார்கரெட்டும் வேலை செய்கிறவர்கள். இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வருவதாகச் செய்தி வந்ததும், பெண்களின் கல்வி பற்றி அவரிடம் முறையிட மார்கரெட் அனுமதி கேட்டார். அரசியல் கோரிக்கையாக இருந்தால்தான் தூதுக்குழுவைப் பார்ப்போம் என்று பதில் வந்தது. அப்படியா, அரசியலே பேசுவோம் என்று வாக்குரிமைக் கோரிக்கையைச் சேர்த்து எழுதி அனுப்பினார். 1917 டிசம்பர் 18-ந் தேதி சரோஜினி நாயுடுவின் தலைமையில் பெண்கள் மாண்டேகுவைச் சந்தித்தார்கள். சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்த அதிகாரிகளே வாக்குரிமைக் கோரிக்கைக்கு வழி செய்து கொடுத்தது வேடிக்கைதான். 1921-ல் சென்னை சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை தந்தது.

1922-ல் அம்மையார் கௌரவ மாஜிஸ்திரேட்டாக நியமிக்கப்பட்டார். இந்தியாவில் அந்த ஆசனத்தில் அமர்ந்த முதல் பெண்மணி. இரண்டு தேசத்துச் சிறைகளைப் பார்த்த ஒருவரை மாஜிஸ்திரேட் ஆக்கிய அதிகாரிக்கு அந்த விவரம் தெரிந்திருந்ததோ என்னவோ! 1927 ஜனவரியில் புனாவில் கூடிய அகில இந்திய மாதர் மகாநாடு அவர் ஊர் ஊராகக் கடிதம் எழுதிச் சேர்த்த கூட்டம். டில்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932-ல் எழுந்தது அந்த மகாநாட்டின் முயற்சியால்தான். 1936-ல் அதற்கே அவர் தலைவியானார்.

கமிட்டியும் மகாநாடும் பெருகப் பெருகப் பியானோவுக்கு நேரம் குறைந்தது. அவருடைய வாழ்க்கையைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வருத்தம் உண்டாகும். இசைக் கல்வியிலேயே நின்றிருந்தால் எத்தனை பள்ளிகளில் எத்தனை சேர்ந்திசைக் குழுக்கள் தோன்றியிருக்கும்? ஆனால் அந்தப் பள்ளிகளுக்குப் பெண் பிள்ளைகள் வந்து சேர்ந்தால் அல்லவா பாடுவதற்கு! அவர் முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்தார் என்றே கொள்ள வேண்டும்.

வேலூர் சிறை

1932-ல் காங்கிரஸ் இயக்கத்தை ஒடுக்க சர்க்கார் அவசரச் சட்டங்களைக் கொண்டு வந்தது. பேச்சுரிமையைப் பறிக்கும் அந்தச் சட்டங்களைக் கண்டித்துச் சென்னையில் அம்மையார் பேசினார். கைது செய்தார்கள். ஓராண்டுத் தண்டனை, வேலூர் பெண்கள் சிறை. அப்போது வயது 54. வெள்ளைக்காரப் பெண்மணி, முன்னாள் மாஜிஸ்திரேட். பேச்சைக் குறைத்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். அயர்லாந்துக்காரருக்கு அது முடிகிற காரியமா? 1933 அக்டோபரில் விடுதலையானார்.

லண்டன் ஹாலோவே, அயர்லாந்தின் டல்லமோர், தமிழ்நாட்டின் வேலூர் என்று மூன்று நாட்டுச் சிறைகளைக் கண்ட சங்கீத ஆசிரியை உலகத்தில் வேறு ஒருவர் இருப்பாரா என்பது தெரியவில்லை.

பாண்டுக்கு ஏற்ற பாட்டு

இந்தச் சமயத்தில் மதனப்பள்ளிப் பாட்டு என்ன ஆயிற்று? கல்லூரி அதைத் தன் பிரார்த்தனைப் பாட்டாகவே ஏற்றுக்கொண்டது. 1937-ல் நாட்டுக்கு எந்தப் பாட்டு உகந்தது என்ற விவாதம் கிளம்பியபோது, ஜேம்ஸ் கசின்ஸ் ஜன கண மனவை ஆதரித்துப் பத்திரிகைக்கு எழுதினார். எழுத அவருக்குத் தகுதி இருந்தது. பல வருஷங்களாகப் பல பாஷை பேசும் மாணவர்கள் அதைச் சேர்ந்து பாடக் கேட்டவர் அவர்.

சுதந்திரம் வந்த பிறகு இந்த விவாதத்தைத் தீர்த்து வைத்தது ஒரு வாத்தியக் கோஷ்டி என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். 1947-ல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை கூடியது. உங்கள் தேசிய கீதம் எது, வாத்தியக்காரர்கள் வாசிக்க வேண்டும் என்று நம் தூதுக்குழுவைக் கேட்டார்கள். கைவசம் இருந்தது ஜன கண மன இசைத்தட்டு. அதைக் கொடுத்தார்கள். வாத்தியக் கோஷ்டி பழகி வாசித்தது; பல நாட்டுப் பிரதிநிதிகளும் பாராட்டினார்கள். 1948 ஆகஸ்டு 25-ல் பிரதமர் நேரு அரசியல் நிர்ணய சபையில் இந்த வரலாற்றை விவரித்தார். தேசிய கீதத்தில் சொல்லைவிட மெட்டுக்கு முக்கியத்துவம் உண்டு, அது உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பாண்டு வாத்தியத்தில் வாசிக்கத் தக்கதாக இருக்க வேண்டும், அந்த வகையில் ஜன கண மன பொருந்தி வருகிறது என்பது அவர் கருத்தின் சாரம். வந்தே மாதரத்தின் சரித்திரப் பெருமையை அவர் குறைத்துச் சொல்லவில்லை. அதன் மெட்டு பாண்டுக்கு எளிதில் அடங்கவில்லை என்பதுதான் இடையூறு. பிறகு ஹெர்பர்ட் மர்ரில் என்ற ஆங்கில இசையமைப்பாளர் கீதத்தைப் பெரிய வாத்தியக் குழுவுக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுத்தார்.

இன்று நாம் கேட்கும் வடிவத்துக்குப் பல கைகள் உழைத்திருக்கின்றன. மதனப்பள்ளிக் காகிதம் மட்டுமே மூலம் என்று சாதிக்க வேண்டியதில்லை. ஆனால் 1947-ல் நியூயார்க்கில் கண்டுபிடித்ததை 1919-லேயே கண்டுகொண்டவர் மார்கரெட் அம்மையார். இந்த மெட்டு கோடு போட்ட காகிதத்தில் அடங்கும். அடங்கினால் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் வாசிக்கும். அல்சூர் ஏரிப் பக்கம் மதராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தின் பாண்டு வாசிப்பதைக் கேட்டு வளர்ந்த பெங்களூர்த் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முப்பது பேர் முப்பது வாத்தியத்தை வைத்துக்கொண்டு நிற்கும்போது குருமுகமாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றால் நடக்காது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு காகிதம் இருக்க வேண்டும்.

காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் கண்டிருக்கிறது. குவெம்பு எழுதிய ஜய பாரத ஜனனிய தனுஜாதே 2004-ல் கர்நாடகத்தின் நாடகீதம் ஆயிற்று. பாட்டை முடிவு செய்தார்கள். மெட்டை முடிவு செய்யவில்லை. மைசூர் அனந்தசாமி மெட்டா, சி. அஸ்வத் மெட்டா என்று பேச்சு வளர்ந்துகொண்டே போயிற்று. விழாவுக்கு விழா நீளமும் மாறியது. 2022 செப்டம்பரில்தான் அனந்தசாமியின் மெட்டில் 2 நிமிடம் 30 விநாடியில் பாட வேண்டும் என்று மாநில அரசு உத்தரவு போட்டது. பதினெட்டு வருஷம்! தமிழ்நாட்டில் இந்தச் சங்கடம் எழவில்லை. மனோன்மணீயம் சுந்தரனாரின் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எம்.எஸ். விஸ்வநாதன் மோகன ராகத்தில் அமைத்த மெட்டே நிலைத்துவிட்டது.

குவெம்புவின் பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிட வேண்டும். 1924 வாக்கில் ஜேம்ஸ் கசின்ஸ் மைசூருக்கு வந்து, ஜகன்மோகன் அரண்மனையில் சித்திரசாலை அமைக்க மகாராஜாவுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் கவிதை எழுதிக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவர் தம் கவிதைகளை அவரிடம் காட்டினார். தாய்மொழியில் எழுதும்படி கசின்ஸ் அவருக்குச் சொல்லி அனுப்பினார். அந்த மாணவர்தான் குவெம்பு. பெங்களூர்ப் பள்ளிகளில் காலையில் இரண்டு பாட்டுப் பாடுகிறார்கள். ஒன்றின் மெட்டை மனைவி எழுதி வைத்தார். மற்றொன்றின் கவிஞரைக் கணவர் கன்னடத்துக்குத் திருப்பிவிட்டார்.

கடைசி நாட்கள்

1944-ல் மார்கரெட் அம்மையாரைப் பக்கவாதம் தாக்கியது. ஊர் ஊராகச் சுற்றியவர் அடையாற்றில் படுக்கையோடு இருக்க வேண்டியதாயிற்று. கையில் பணம் சேர்த்து வைத்துக்கொண்டவர்கள் அல்லர் இருவரும். சென்னை அரசாங்கம் பொருளுதவி செய்தது. பின்னர் நேருவும் உதவினார்.

1950 ஜனவரி 24-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் ராஜேந்திர பிரசாத் ஜன கண மனவைத் தேசிய கீதமாக அறிவித்தார். அதே ஆண்டில் கசின்ஸ் தம்பதி இருவருமாகச் சேர்ந்து எழுதிய சுயசரிதை வி டூ டுகெதர் என்ற பெயரில் சென்னையில் வெளிவந்தது. கணவர் ஒரு பகுதி, மனைவி ஒரு பகுதி என்று மாறி மாறி எழுதிய பெரிய புத்தகம். மதனப்பள்ளிப் புதன்கிழமை அதில் சில பக்கங்கள்தான். சிறையும் சங்கமும் மகாநாடும் அதைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டன.

1954 மார்ச் 11-ந் தேதி அடையாற்றில் மார்கரெட் கசின்ஸ் காலமானார். வயது 75. ஜேம்ஸ் கசின்ஸ் அதற்குப் பிறகு இரண்டு வருஷம்கூட இருக்கவில்லை. 1956 பிப்ரவரி 20-ல் மதனப்பள்ளியில் அவர் உயிர் பிரிந்தது. மூன்று சரணங்களையோ நான்கு சரணங்களையோ விட்டுவிடாமல் ஐந்து சரணங்களையும் தாகூர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த தாளின் பிரதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தக் கல்லூரியில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.